சூடு அறியாத கை



வார்டுகளில் நாங்கள் காண்பவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது இந்தப் பக்கத்தின் வழக்கம். இம்முறை ஒரு மனிதருடைய கையைப் பற்றி எழுதுகிறோம். அந்தக் கைக்கு நேர்ந்தது என்னவென்று விளங்கிக்கொள்ள, டாக்டர்களிடம் கேட்டும் புத்தகங்களில் படித்தும் நாங்கள் அறிந்தவற்றையும் எழுதுகிறோம். நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல; இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரெயமும் படித்துவிட்டு, நோயாளிகளின் படுக்கையருகே நிற்க வந்தவர்கள். ஆகவே எங்களைப் போன்ற சாதாரண மனிதருக்கு விளங்குகிற அளவில் சொல்லுகிறோம். இதில் எங்கள் தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

டீக்கடையில் கண்டது

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு டீக்கடை உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் அங்கே போய் ஒரு கிளாஸ் டீ குடிப்பது பல வருஷங்களாக எங்கள் பழக்கம். அந்தக் கடை மாஸ்டருக்கு நாற்பது வயதிருக்கும். கொதிக்கிற வெந்நீரில் கிடக்கும் கிளாஸ்களை வெறுங்கையால் எடுப்பார். அடுப்பிலிருக்கும் பால் சட்டியைத் துணி இல்லாமலே இறக்கிவைப்பார். வாடிக்கையாளர்கள் அவருக்கு 'இரும்புக்கை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

ஒரு நாள் அவர் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே வெளிறிப்போயிருந்த ஒரு திட்டைக் காட்டினார். "ஐயா, ஆறு மாசமா இருக்கு. அரிப்பும் இல்ல, வலியும் இல்ல. இதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணுமா?" என்று கேட்டார். "வலி இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை தம்பி, தேமலாக இருக்கும்" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஓராண்டுக்கு மேல் கழிந்தது. அவருடைய தாயார் மூச்சுத்திணறலுக்காக எங்கள் பெண்கள் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். ஒரு மாலை அவர் கஞ்சி கொண்டுவந்தார். தூக்குவாளியைப் பிடித்திருந்த வலது கையில், சுண்டுவிரல் ஓரமாகப் பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கி போல் மடங்கியிருந்தன. "இது எப்போது பட்டது?" என்று கேட்டோம். அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். "எங்க பட்டுதுன்னே தெரியலயே ஐயா" என்றார். அவர் முகத்தில் வலியின் சாயல் சிறிதும் இல்லை. அப்போதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது.

மறுநாள் காலை அவரை டாக்டரிடம் அழைத்துப்போனோம். டாக்டர் அவரைக் கண்களை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையின் நுனியால் கையின் ஒவ்வோர் இடத்தையும் மெதுவாகத் தொட்டார். தொட்ட இடத்தை மறு கையால் காட்ட வேண்டும். வெளிறிய திட்டிலும் சுண்டுவிரல் ஓரத்திலும் ஏழெட்டுத் தடவை தொட்டாயிற்று. மாஸ்டர் கண்களை மூடியபடியே, "இன்னும் ஆரம்பிக்கலயா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் அவருடைய முழங்கையின் பின்புறத்தை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது. மணிக்கட்டின் முன்புறம் ஓடும் இன்னொரு நரம்பும் பாதி உணர்விழந்திருந்தது. நோய் தொழுநோய். நாங்கள் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று சொன்ன அந்தத் திட்டுதான் அதன் முதல் அறிகுறி. வலி இல்லாததே அபாயம் என்பதை அறியாமல், வலி இல்லாததையே ஆறுதலாகச் சொல்லியிருந்தோம்.

தோலில் நிற்கும் காவலர்கள்

நமது சரீரம் வெளியுலகத்தை எப்படி அறிகிறது? தோல் வெறும் போர்வை அன்று. அதன் அடியில் எண்ணிறந்த நரம்பு முனைகள் காவலர்களைப் போல நிற்கின்றன. ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் மட்டும், தொடு உணர்வுக்கான நரம்பிழைகள் சுமார் 17,000 உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றிலும் வேலைப் பிரிவினை உண்டு. மெல்லிய தொடுதலுக்கு ஒரு வகை, தொடர்ந்த அழுத்தத்துக்கு ஒரு வகை, அதிர்வுக்கு ஒரு வகை, தோல் இழுபடுவதற்கு ஒரு வகை. வலியையும் சூட்டையும் அறிவிப்பவை உறையற்ற நரம்பு நுனிகள். செடியின் வேர் நுனிகள் மண்ணில் பரவுவதுபோல அவை தோலுக்குள் பரவியிருக்கின்றன.

காவலர்கள் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கத்தில் நிற்பதில்லை. இரண்டு ஊக்குகளின் முனைகளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் பிடித்து விரல் நுனியில் வைத்தால், இரண்டு முனைகள் என்று தெரியும். அதையே முதுகில் வைத்தால் ஒன்றாகத்தான் தோன்றும். முதுகில் இரண்டும் தனித்தனியாகத் தெரிய ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கண் தெரியாத சகோதரர்கள் விரல் நுனியால் பிரெய்ல் எழுத்தை வாசிக்க முடிவது இந்த நெருக்கத்தினால்தான்.

சூட்டை இந்த நுனிகள் அறிவது எப்படி என்பது சமீப காலத்தில்தான் தெரிந்தது. மிளகாயைக் கடித்தால் வாய் ஏன் எரிகிறது? நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாய் மிளகாய் அரைத்திருக்கிறோம். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் என்பவர் கேட்டார். மிளகாயின் காரப் பொருள், நரம்பு நுனியில் உள்ள ஒரு நுண்ணிய கதவைத் திறக்கிறது என்று 1997இல் கண்டறிந்தார். அதே கதவு 43 டிகிரி செல்சியஸ் அளவுக்கு மேற்பட்ட சூட்டிலும் திறக்கிறது. அதனால்தான் காரத்தையும் சூட்டையும் மூளை ஒரே எரிச்சலாக உணருகிறது. அழுத்தத்தை உணரும் கதவுகளைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூடியன் என்பவருக்கும் இவருக்கும் சேர்த்து 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

செய்தி ஓடும் விதம்

கதவு திறந்ததும், நரம்பிழைக்கு வெளியே இருக்கும் உப்பின் துகள்கள், அதாவது மின்னூட்டம் பெற்ற சோடியம் அணுக்கள், உள்ளே பாய்கின்றன. ஓய்வாக இருக்கும் நரம்பில் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் மின் வேறுபாடு இருக்கும். ஒரு டார்ச் லைட் செல்லின் மின்சாரத்தில் இது இருபதில் ஒரு பங்குதான். அந்த வேறுபாடு நொடிப்பொழுதில் தலைகீழாகிறது. அது பக்கத்து இடத்தைத் தட்டியெழுப்ப, அதற்கடுத்த இடம் எழும்ப, இப்படியே துடிப்பு நரம்பு நெடுகிலும் ஓடுகிறது. கால் விரலில் தொடங்கி முதுகுத்தண்டு வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தை ஒரே ஒரு நரம்பணுவின் இழை எட்டிவிடுகிறது என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

மெல்லத் தொட்டாலும் பலமாக அடித்தாலும் ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவுதான். அப்படியானால் மூளை எப்படி வேறுபாடு அறிகிறது? துடிப்புகளின் எண்ணிக்கையால். மெல்லத் தொட்டால் வினாடிக்குச் சில துடிப்புகள். பலமாக அழுத்தினால் பல துடிப்புகள். கோயில் மணியை ஒரே பலத்தோடுதான் அடிக்கிறார்கள். ஆனால் விட்டுவிட்டு அடித்தால் ஆராதனை, விடாமல் அடித்தால் ஊரில் ஆபத்து என்று அறிந்துகொள்கிறோம் அல்லவா, அதுபோல. இதைக் கண்டறிந்த இங்கிலாந்து தேசத்து ஏட்ரியன், முதுகுத்தண்டின் வேலைகளை ஆராய்ந்த ஷெரிங்டனோடு 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எல்லா நரம்பும் ஒரே வேகத்தில் செய்தி சொல்லுவதில்லை. சில இழைகளுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. அந்த உறையில் சிறு சிறு இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றை 1870களில் விவரித்தவர் ரான்வியே என்னும் பிரெஞ்சு அறிஞர். துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்வதால் உறையுள்ள நரம்புகளில் வேகம் அதிகம். மிக வேகமானவற்றில் வினாடிக்கு 100 மீட்டருக்கு மேல். கூர்மையான வலியைச் சொல்லும் மெல்லிய உறையுள்ள இழைகளில் வினாடிக்கு 5 முதல் 30 மீட்டர். மந்தமான எரிச்சலைச் சொல்லும் உறையற்ற இழைகளில் வினாடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு.

இதை நீங்களே அனுபவித்திருப்பீர்கள். இருட்டில் எழுந்து நடக்கையில் கால் விரல் நிலைப்படியில் இடித்துக்கொண்டால், முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. "ஐயோ" என்று குனிந்து காலைப் பிடிக்கிறோம். ஒரு வினாடி பொறுத்து, விண்விண்ணென்று இரண்டாவது வலி வந்து சேருகிறது. ஒரே அடிதான், அதன் செய்தியை இரண்டு தபால்காரர்கள் கொண்டுவருகிறார்கள். ஒருவர் சைக்கிளில் வருகிறார், மற்றவர் நடந்து வருகிறார்.

முதுகுத்தண்டின் அவசர உத்தரவு

தோசைக்கல்லில் கை பட்டதும் நாம் யோசித்தா கையை எடுக்கிறோம்? "சுட்டுவிட்டது" என்று மனம் அறியும் முன்பே கை விலகிவிடுகிறது. சூட்டின் செய்தி முதுகுத்தண்டுக்குள் நுழைந்ததும், அங்கேயே தசைகளுக்கு உத்தரவு கொடுக்கும் நரம்பணுக்களைத் தட்டிவிடுகிறது. கையை மடக்கும் தசை சுருங்குகிறது. அதே வேளையில், கையை நீட்டும் தசைக்கு 'நீ தளர்ந்திரு' என்று எதிர் உத்தரவு போகிறது. முள்ளை மிதித்த கால் உயரும்போது, மறு கால் விறைத்து நின்று உடம்பைத் தாங்குகிறது. இல்லாவிட்டால் நாம் விழுந்துவிடுவோம். மூளைக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் இவை நடந்துவிடுகின்றன.

ஆயினும் மூளை இந்த உத்தரவைத் தடுக்கவும் வல்லது. கொதிக்கிற குழம்புச் சட்டியை ஒரு தாய் இறக்கும்போது பிடிதுணி நழுவிவிடுகிறது. கீழே குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அவள் கை சுடச்சுடச் சட்டியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் கையை உதறுகிறாள். 'விடு' என்று முதுகுத்தண்டு சொல்ல, 'விடாதே' என்று அன்பு சொல்லுகிறது. அந்த அன்பின் உத்தரவும் நரம்பு வழியாகத்தான் இறங்கி வருகிறது.

மூளையிலிருந்து விரல் நுனிக்கு

எங்கள் ஊரில் ரோமன் ரோலண்ட் வீதியில் க்ளூனி சகோதரிகளின் எம்ப்ராய்டரி கூடம் இருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அங்கே ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருக்கும் பெண்களின் விரல்களைக் கவனித்தால், நரம்புக்கும் தசைக்கும் உள்ள உறவு கண்ணுக்கு முன்பாக நடப்பதைக் காணலாம்.

ஊசியை நகர்த்த வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும், மூளையின் மேற்பரப்பில் கைக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதி உத்தரவு அனுப்புகிறது. வலது கைக்கு இடது மூளை. அந்தப் பகுதியில் கைக்கும் முகத்துக்கும் கிடைத்திருக்கும் இடம், முதுகு முழுவதற்கும் கிடைத்திருப்பதைவிட மிக அதிகம். உத்தரவு கழுத்தருகே முதுகுத்தண்டில் நரம்பணுக்களுக்குக் கைமாறி, அங்கிருந்து தசைக்குப் போகிறது. ஒரு நரம்பணு பல தசை இழைகளுக்குத் தலைவன். கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவின் கீழ் ஏறக்குறைய பத்து இழைகள்தான். கெண்டைக்கால் தசையிலோ ஆயிரத்துக்கும் மேல். வேலை எவ்வளவு நுட்பமோ, அவ்வளவு சிறிய குழு.

நரம்பு தசையோடு ஒட்டியிருப்பதில்லை; நடுவே மிகச் சிறிய இடைவெளி உண்டு. குராரே என்னும் அம்பு விஷத்தைத் தவளைக்குக் கொடுத்துப் பார்த்த கிளோத் பெர்னார் என்ற பிரெஞ்சு அறிஞர், நரம்பும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது, ஆனால் உத்தரவு மட்டும் போய்ச் சேரவில்லை என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காட்டினார். அந்த இடைவெளியைக் கடப்பது அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனம் என்பது பின்னர் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன் தசைகளைத் தளர்த்த மயக்க மருந்து டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகள் பல இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன.

இனி முக்கியமான விஷயம். உத்தரவு கொடுப்பதோடு மூளையின் வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஊசி விரலிடையே சிறிது நழுவினாலும் தோல் அதை உடனே மூளைக்குச் சொல்லுகிறது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிடி இறுகிவிடுகிறது. எவ்வளவு பலத்தோடு பிடிப்பது என்பதை ஒவ்வொரு கணமும் தோல்தான் தசைக்குக் கற்றுக்கொடுக்கிறது. உணர்வு போன விரலுக்கு இந்த ஆசிரியர் இல்லை. அது நழுவவிடும், அல்லது தேவைக்கு மேல் நசுக்கிப் பிடிக்கும்.

நோய் புகும் இடம்

தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873இல் நார்வே தேசத்து ஹான்சன் கண்டறிந்தார். இந்தக் கிருமி நரம்பிழைகளைச் சுற்றி உறையிடும் அணுக்களுக்குள் குடிபுகுகிறது. இதற்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். ஆகவே தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளையே தாக்குகிறது: முழங்கைக்குப் பின்னால், மணிக்கட்டின் முன்னால், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில், முகத்தில். கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால் அறிகுறி தோன்ற ஐந்து வருஷம் ஆகலாம். இருபது வருஷமும் ஆகலாம். கிருமியை எதிர்த்து உடம்பு செய்யும் போராட்டத்தில் நரம்பு வீங்கி நசுங்குகிறது.

ஒரே நரம்புக்குள் போகும் செய்தியும் வரும் செய்தியும் சேர்ந்தே ஓடுவதால் இழப்பும் இரண்டு. முழங்கை நரம்பு கெட்டால் சுண்டுவிரல் பக்கத்தில் உணர்வு போகும். உள்ளங்கையின் சிறு தசைகள் பலவும் செயலிழக்கும். விரல்களை மொழியில் மடக்கி, கணுக்களில் நீட்டி வைப்பவை அந்தச் சிறு தசைகள்தான். அவை போனபின், முன்கையிலிருந்து வரும் பெரிய தசைகள் எதிர்ப்பின்றி இழுக்க, விரல் கொக்கியாகிறது. எங்கள் மாஸ்டரின் விரல்களில் கண்டது இதைத்தான்.

வேலூரில் திறந்த கதவு

இதையெல்லாம் உலகத்துக்குத் தெளிவாக்கிய வேலையில் பெரும்பகுதி நம் பக்கத்திலேயே, இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள வேலூரில் நடந்தது. 1914இல் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர் டாக்டர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் கற்று 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947இல் செங்கற்பட்டுத் திருமணி தொழுநோய் நிலையத்தை டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிய ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, பிடிக்கும்படி பிராண்ட் சொன்னார். செயலற்றுத் தோன்றிய அந்தக் கை அவர் கையை வலிக்கும்படி இறுக்கியது. முன்கையின் தசைகள் உயிரோடு இருக்கின்றன, சிறு தசைகள் மட்டுமே படுத்துவிட்டன என்று அந்த ஒரு பிடியில் அவருக்கு விளங்கியது.

விரல்கள் குறைந்துபோவது ஏன் என்பது அடுத்த கேள்வி. நோயினால் சதை தானாக அழுகி உதிருகிறது என்றே அந்நாளில் எல்லாரும் நம்பினார்கள், நோயாளிகளும் நம்பினார்கள். பிராண்டும் உடன் ஊழியர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். துருப்பிடித்த பூட்டில் பெரியவர்களால் திருப்ப முடியாத சாவியை ஒரு சிறுவன் திருப்பிவிட்டான். அவன் விரல் எலும்பு தெரியும்படி வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. இரவில் விரல்கள் காணாமற்போவதற்குக் காரணம் எலிகள் என்று காவலிருந்து கண்டுபிடித்தார்கள். அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனைக்குட்டி கொடுத்து அனுப்பினார்கள். நோய் உணர்வை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. விரல்களை எடுப்பது சூடும் வெட்டும் அழுத்தமும் கவனியாத புண்ணும்தான் என்பது இப்படி நிரூபணமாயிற்று.

அவருடைய மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். கருவிழியில் உணர்வு போனவர்கள் இமைப்பதை மறந்து, தூசியினாலும் வறட்சியினாலும் பார்வையை இழப்பதை அவர் கண்டு, அதைத் தடுக்க உழைத்தார். ஒவ்வொரு நாளும் நாம் அறியாமல் ஆயிரக்கணக்கான தடவை இமைக்கிறோம். அதுவும் நரம்பின் காவல்தான்.

தசைக்குப் புது வேலை

படுத்துவிட்ட தசைக்குப் பதிலாக, நல்ல நிலையிலுள்ள ஒரு தசையின் நாணை இடம் மாற்றித் தைப்பதே பிராண்ட் கையாண்ட வழி. உதாரணமாக, மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றில் ஒன்றின் நாணை எடுத்து, காலிலிருந்து எடுத்த நாணால் நீட்டி, நான்கு வாலாகப் பிரித்து, நான்கு விரல்களிலும் பொருத்துகிறார்கள். இதன் பிறகு வருவதுதான் அதிசயம். அந்தத் தசைக்கு உத்தரவு கொடுக்கும் மூளைப் பகுதி 'மணிக்கட்டைத் தூக்கு' என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வந்தது. இனி அதே உத்தரவுக்கு விரல்கள் அசையும். "மணிக்கட்டைத் தூக்குவதாக நினையுங்கள்" என்று பயிற்சியாளர் சொல்ல, நோயாளி விரலைப் பார்த்தபடியே நினைக்கிறார், விரல் அசைகிறது. சில வாரப் பயிற்சியில் 'நினைப்பது' மறைந்து, கை இயல்பாகிவிடுகிறது. வளர்ந்த மனிதனின் மூளையும் புதுப்பாடம் கற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கைகள் நேராகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தொழில் கற்பிக்க வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டது. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழும்பியது. உணர்வற்ற பாதங்களுக்கு மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்புகளும் அங்கெல்லாம் உருவாயின. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போய், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் இதே அறிவைப் பயன்படுத்தினார். 2003இல் காலமானார்.

திரும்பி வராதது

நாண் மாற்றும் அறுவை அசைவைத் திருப்பித் தரும்; உணர்வைத் தராது. ஆகவே நரம்பு கெடும் முன்பே நோயைக் கண்டுபிடிப்பதுதான் மேலான சிகிச்சை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இலவசமாகக் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கியபின் விரைவிலேயே நோய் மற்றவருக்குப் பரவும் தன்மை போய்விடுகிறது. மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு.

நம் நாட்டில் 2005 இறுதியில் நோயாளிகளின் அளவு பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவாக வந்துவிட்டது. அதனால் நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள், நாங்களும் எண்ணினோம். ஆனால் 2022-23ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள்.

எங்கள் புதுச்சேரிக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. இங்கே 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கூறுகிறது. அதாவது நான்கில் ஒருவருக்கு மேல். நாளடைவில் சர்க்கரையும் பாத நரம்புகளின் உணர்வை எடுத்துவிடும். செருப்பில் ஏறிய ஆணியோடு நாள் முழுதும் நடந்து, இரத்தக் கறையைப் பார்த்து மற்றவர் சொன்னபின் அறிந்தவர்களை நாங்கள் இங்கே கண்டிருக்கிறோம்.

ஆகவே பிரியமானவர்களே, இவற்றை உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த திட்டு இருந்து, அதில் உணர்வு குறைந்திருந்தால் தாமதியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கையிலிருந்து பொருள் அடிக்கடி நழுவினாலும், கண் முழுதும் மூடாவிட்டாலும் அப்படியே செய்யுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் பாதங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். காலை வெந்நீரில் வைக்குமுன் வீட்டில் ஒருவரை முழங்கையால் சூடு பார்க்கச் சொல்லுங்கள். தோல் செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும்.

மாஸ்டர் இன்று

மாஸ்டர் 12 மாதம் தவறாமல் மருந்து சாப்பிட்டார். நரம்பு வீக்கத்துக்கும் சிகிச்சை கொடுக்கப்பட்டது. மணிக்கட்டு நரம்பில் பாதி உணர்வு திரும்பியது. முழங்கை நரம்பில் திரும்பவில்லை. தாமதம் செய்த ஓராண்டின் கணக்கு அது. அதில் எங்கள் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்க டாக்டரா என்ன, விடுங்க ஐயா" என்றார்.

கடை முதலாளி அவரை வேண்டாமென்று சொல்லிவிட்டார். டாக்டரும் நாங்களும் அந்தக் கடைக்குப் போய், பலர் முன்னிலையில் மாஸ்டரையே டீ போடச் சொல்லிக் குடித்தோம். விளக்கமும் சொன்னோம். ஒரு வாரம் கழித்து முதலாளி சம்மதித்தார். பின்னர் விரல்களுக்கு அறுவையும் நடந்தது. இப்போது மாஸ்டர் கிளாஸ்களை இடுக்கியால் எடுக்கிறார், சட்டியைத் தடித்த துணியால் இறக்குகிறார், இரவில் விளக்கடியில் உட்கார்ந்து இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். 'இரும்புக்கை' என்று யாரும் அழைப்பதில்லை.

எங்கள் ஊழியத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 'இந்த வலியை எடுத்துப்போடும்' என்று எத்தனையோ படுக்கைகளின் அருகே ஜெபித்திருக்கிறோம், இன்றும் ஜெபிக்கிறோம். ஆனால் ஒருவர் "வலி இல்லை" என்று சொன்னால், "உணர்வு இருக்கிறதா?" என்று இரண்டாவது கேள்வியும் கேட்கிறோம். நம் ஆண்டவர் தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய வரலாற்றைப் பல தடவை பிரசங்கித்திருந்தும், தொடப்படுவதை அறியாத கைகள் உண்டு என்பதை நாங்கள் யோசித்ததில்லை. மாஸ்டர் ஜெபத்துக்கு வரும்போது, பழைய வழக்கப்படி அவர் உள்ளங்கையைப் பிடித்துக்கொள்வோம். ஒரு நாள் அவர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அங்க புடிச்சா எனக்குத் தெரியாது." அன்று முதல் அவர் தோளில் கை வைக்கிறோம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் காத்துக்கொள்வாராக.

அன்புடன்,
மருத்துவமனை ஆன்மீகப் பணிக் குழுவினர்,
புதுச்சேரி